நடுவுல ஒரு இடைவெளி

நான் தீவிரவாதி இல்லக்கா.

இல்ல, நீங்க கேக்கல. கேக்கலதான், ஒத்துக்கறேன். ஆனா நான் பஸ்ஸுல ஏறினப்ப பாத்தீங்க பாருங்க ஒரு பார்வை. துப்பட்டாவைத் தலையோட சுத்திக் கட்டிக்கிட்டு, வேர்த்து வழிஞ்சு, ரெண்டு தரம் பின்னாடி திரும்பிப் பாத்துட்டு ஒரு பொண்ணு ஏறி வர்றா. வந்தவ உங்களை 'கொஞ்சம் தள்ளி ஜன்னல் ஓரம் உக்காருங்கக்கா'ங்கறா. எந்தப் பொண்ணாவது ஜன்னல் ஓரத்தை விட்டுக் குடுப்பாளா? அந்தச் சந்தேகம் உங்க மொகத்துல தெரிஞ்சுது. அதுக்குத்தான் பதில் சொல்றேன். பதில் சொல்லாம இருக்க எனக்கு வராது. சின்ன வயசுலேருந்தே வராது.

ஜன்னல் ஓரம் உக்காந்தா வெளியேருந்து மொகம் தெரியும்ல, அதான். உங்க மொகம் தெரிஞ்சா பரவால்ல. பட்டுப்புடவை, மல்லிப்பூ, மடியில பெரிய பை. உங்களை யாரு சந்தேகப்படப் போறா.

மெதுவாத்தானே பேசறேன்? மெதுவாத்தான் பேசணும். என்னைக் குரலை வச்சுத் தேடறாங்க. அது ஒரு கதை, சொல்றேன்.

பேரு மங்கையர்க்கரசி. மங்கைன்னு கூப்பிடுவாங்க. பி.ஏ. வரலாறு, கடைசி வருஷம். ஊர் பேரு மட்டும் கேக்காதீங்க. ஓடறவ ஊரு பேரெல்லாம் சொல்லக் கூடாது. பேரு சொல்லிட்டேனே. சரி, பேரை மறந்துடுங்க.

தோ, கண்டக்டர் வந்துட்டாரு. அண்ணே, பட்டுக்கோட்டை. தஞ்சாவூர்ல மாறணுமா? சரி, தஞ்சாவூரே குடுங்க. மெதுவாச் சொல்லுங்கண்ணே, கொஞ்சம் மெதுவா.

பாத்தீங்களாக்கா? 'தஞ்சாவூர் ஒண்ணேய்'னு டிரைவருக்குக் கேக்கற மாதிரி கத்திட்டுப் போறாரு. இப்பப் பஸ்ஸுக்கே தெரியும் நான் எங்க போறேன்னு.

பட்டுக்கோட்டையில எங்க சித்தி இருக்காங்க. அங்கதான் தலைமறைவா இருக்கப் போறேன். சித்திக்கு இன்னும் தெரியாது. சித்தி வீட்ல தலைமறைவா இருக்கறது கொஞ்சம் கஷ்டம், எதுத்த வீட்டுக்காரங்கள்லாம் வந்து பாத்துட்டு எப்பக் கல்யாணம்னு கேப்பாங்க. இருந்தாலும் ஜெயிலுக்கு அது தேவலாம். கொஞ்சம் தேவலாம்.

என்னைச் சிக்க வச்சுட்டாங்கக்கா. சதி. யாருன்னு கேளுங்க. சகாயராஜ். எங்க அணியிலயே இருக்கறவன். பக்கத்துலயே உக்காந்து டீ குடிச்சவன்.

மொதல்லேருந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்குக் கோவம் வரும்.

எங்க காலேஜ்ல பட்டிமன்றம் நடக்கும். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு அணி, ஒவ்வொரு அணிக்கும் ஒரு பேரு. தமிழ் டிபார்ட்மென்ட் 'நாவரசர்கள்'. காமர்ஸ் 'சொல் வணிகர்கள்'. கேக்கறப்பவே கொட்டாவி வருதா இல்லையா? வரலாறுக்கு என்ன பேருன்னு கூட்டம் போட்டோம். அஞ்சு பேரு அணியில. தலைவி நானு. இதை ஞாபகம் வச்சுக்கங்க, அப்புறம் வேணும். தலைவி நானு.

நான் சொன்ன பேரு, தீவிர வாதிகள்.

பதறாதீங்க. நடுவுல இடைவெளி இருக்கு. தீவிரம்னா என்ன, மும்முரம். வாதின்னா என்ன, வாதம் பண்றவங்க. கோர்ட்டுல கூட வாதி, பிரதிவாதின்னு சொல்றாங்கல்ல. மும்முரமா வாதம் பண்றவங்க, தீவிர வாதிகள். எவ்ளோ பொருத்தம். இன்னொண்ணு, நாங்க வரலாறு படிக்கறவங்க. சுதந்திரப் போராட்டம் பாடத்துல மிதவாதிகள், தீவிரவாதிகள்னே வரும். மனு குடுத்துக்கிட்டே இருந்தவங்க மிதவாதி, அதெல்லாம் ஆகாதுன்னவங்க தீவிரவாதி. அஞ்சு மார்க் கேள்விக்கா அது. எழுதினா அஞ்சு மார்க் குடுக்கறாங்க, சுவத்துல ஒட்டினா ஜீப் அனுப்பறாங்க. இடைவெளி விட்டா இலக்கணம், விடாட்டி வரலாறு. எப்படிப் பாத்தாலும் நான் நிரபராதி.

சகாயம் அப்பவே ஒண்ணு சொன்னான். அவன் பேசறதே அபூர்வம். பட்டிமன்ற அணியில எப்படிச் சேத்தோம்னு கேக்காதீங்க, அஞ்சாவது ஆள் கெடைக்கல. பென்ச்சு ஓரமா உக்காந்துகிட்டு, 'இடைவெளி விட்டாச் சரி மங்கை, விட்டுப் போச்சுன்னா?'ன்னான். ஏன் விட்டுப் போவும், நாமதானே அடிக்கப் போறோம்னு நான் கேட்டேன். மித வாதிகள்னு வச்சுக்கலாமேன்னு அப்புறமா ஒரு யோசனை வேற. மித வாதிகளாம். யாரு வருவா அதுக்கு?

ஓட்டுக்கு விட்டோம். நாலு பேரு எனக்கு எதிரா. அதனால நான் பேசினேன். பேசிக்கிட்டே இருந்தேன். கடைசில எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. காலேஜ் பஸ் கெளம்பற நேரம்னு ஒத்துக்கிட்டதா அகிலா சொல்வா. அகிலான்னா எங்க அணியில செகண்ட் இயர் பொண்ணு. அவ கெடக்கறா.

இப்ப நீங்களே யோசிங்க. இடைவெளி விட்டுப் போவும்னு சகாயத்துக்கு முன்னாடியே எப்படித் தெரியும்? அதைத்தான் கேக்கறேன். முன்னாடியே தெரிஞ்சவன் யாரா இருக்க முடியும்? பண்ணவன்தான்.

சரி, நோட்டீஸ். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல குணசேகர் அண்ணன்னு ஒருத்தர், கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சுப் பிரின்ட் போட்டுக் குடுப்பாரு. அவருக்குச் சகாயம் போன்லேருந்தே வாட்ஸப்புல வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். எழுதி அனுப்பச் சொல்லி சகாயம் சொன்னான்தான். எழுத எனக்கெங்க நேரம்? பேசினா வேகமா முடியும். நல்லாத் தெளிவாச் சொன்னேன்க்கா. 'அண்ணே, நான்தாண்ணே பேசறேன். நோட்டீஸ் அடிக்கணும். பெரிய எழுத்துல தீவிர வாதிகள் வருகிறார்கள். அதுக்குக் கீழ, வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, கலையரங்கம் அதிரும். அதுக்கும் கீழ, எதிரணியைத் தகர்ப்போம். அப்புறம் காலேஜ் பேரு, பட்டிமன்றத் தலைப்பு. இடம் பத்தலைன்னா கீழ இருக்கறதை எடுத்துடுங்க, ஆனா மேல இருக்கறது பெருசா இருக்கணும்.'

பெருசாப் போட்டாரு. ரொம்பப் பெருசு. இடம் பத்தல. காலேஜ் பேரை எடுத்துட்டாரு. 'கேன்டீனில் முதலில் திருந்த வேண்டியது சாம்பாரா, சட்னியா'ன்னு தலைப்பு, அதையும் எடுத்துட்டாரு. தகர்ப்போம் இருக்கு. அதிரும் இருக்கு. சாம்பார் இல்ல.

நடுவுல இடைவெளியும் இல்ல.

என்னது? வாயால சொன்னா இடைவெளி எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? நான் விட்டுத்தான் சொன்னேன். தீவிர, வாதிகள். கேக்குதுல்ல? தீவிர, வாதிகள். கேக்கலையா? பஸ் சத்தம்க்கா. எறங்கினதும் சொல்லிக் காட்டறேன்.

கீழ தொடர்புக்குன்னு சகாயம் நம்பர். ஏன் அவன் நம்பர்? பாருங்க, இதுவும் சந்தேகம்தான். நான்தான் குடுக்கச் சொன்னேன், எங்க அம்மா என் போனை எடுத்துப் பேசுவாங்கன்னு. ஆனா அவன் மறுத்தானா? மறுக்கல. நம்பர் குடுக்கச் சொன்னதும் ஒரு பையன் மறுபேச்சு இல்லாமக் குடுக்கறான்னா, அதுல ஏதோ இருக்கு.

நேத்து சாயந்திரம் நோட்டீஸ் கட்டை அவன்தான் வாங்கினான். வாங்கிட்டு எனக்குப் போன் பண்ணினான். எனக்கும் எங்க அம்மாவுக்கும் அப்ப நான் முடி வெட்டிக்கிட்டதைப் பத்திப் பெரிய விவாதம் ஓடிக்கிட்டிருக்கு, ஜெயிக்கற கட்டம். மங்கை ஒரு சின்ன விஷயம்னு ஆரம்பிச்சான். நான் சின்ன விஷயமெல்லாம் நீயே பாத்துக்க, காலைல ஒட்டிடு, சுத்தமான சுவராப் பாத்து ஒட்டுன்னு சொல்லி வச்சுட்டேன்.

என்ன பண்ணியிருக்கான் தெரியுமா? ஒவ்வொரு நோட்டீஸ்லயும் தீவிரவுக்கும் வாதிகளுக்கும் நடுவுல செவப்பு ஸ்கெட்ச் பேனாவால செங்குத்தா ஒரு கோடு. கட்டு மொத்தத்துக்கும் உக்காந்து போட்டிருக்கான். பிரிச்சுக் காட்டறானாம். போலீஸ்காரங்க பாத்துட்டு என்னன்னு சொல்றாங்க? டைனமைட் குச்சியாம். அந்தக் கோட்டை யாரு போடச் சொன்னா? நான் சொன்னேனா? இது சதி இல்லாம வேற என்ன?

சுத்தமான சுவரு எங்க ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான். மத்ததுல எல்லாம் சினிமா, கண்ணீர் அஞ்சலி, பொறந்த நாள் வாழ்த்து. அந்த ஒண்ணு போலீஸ் ஸ்டேஷன் காம்பவுண்டு.

சிரிக்காதீங்கக்கா. அங்கயும் ஒட்டியிருக்கான். வரிசையா ஆறு.

இதுல இன்னொரு கூத்து. கலையரங்கம்னா எங்களுக்கு எங்க காலேஜ் கலையரங்கம். ஊருக்கு முனிசிபாலிட்டி கலையரங்கம். வர்ற வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு அங்க அமைச்சர் ஒருத்தர் வர்றாரு, தையல் மெஷின் குடுக்கறதுக்கு. எனக்கெப்படித் தெரியும்? எனக்குத் தையல் மெஷின் வேணும்னு நான் மனு குடுத்தேனா?

அக்கா.

டோல்கேட்டுல நிக்கறோம், அதான் சத்தம் கொறஞ்சிருக்கு. அக்கா, உங்க பையிலேருந்து ஏதோ சத்தம் வருது.

டிக் டிக்னு.

இல்ல, வருது. நல்லாக் கேக்குது. பையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகத்தறீங்களா? வேணாம், நகத்தாதீங்க. ஆட்டாதீங்க. நீங்க எங்க போறீங்கன்னு சொல்லவே இல்லையே. ஏறினதுலேருந்து நீங்க ஒண்ணுமே சொல்லல, நான்தான் பேசிக்கிட்டே வர்றேன். இவ்ளோ அமைதியா ஒருத்தங்க இருப்பாங்களா? எந்த ஊரு நீங்க? பட்டுப்புடவை கட்டிக்கிட்டு யாரும் சந்தேகப்படாத மாதிரி... கண்டக்டர் அண்ணே, ஒரு நிமிஷம் இங்க...

என்னது? சுவர்க் கடிகாரமா?

காட்டுங்க. ஓ. பொன்னிறக் காகிதம், ரோஸ் ரிப்பன். உங்க நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசமா. உள்ள பிள்ளையார் படம் போட்ட கடிகாரமா. சரி. சரிக்கா. ஒண்ணும் இல்லண்ணே, நீங்க போங்க, தஞ்சாவூர் எப்ப வரும்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். பேட்டரியைப் போட்டு யாராவது கடிகாரம் பரிசு குடுப்பாங்களா? ஓடுதுன்னு கடைக்காரரு போட்டுக் காட்டினாரா. அப்படியே கட்டிட்டாரா. அவரு மேலதான் தப்பு.

வெறும் சத்தத்தைக் கேட்டுட்டு நான் தப்பா நெனச்சுட்டேன்னு சொல்றீங்க. நான் தப்பா நெனைக்கலக்கா. நான் கேள்வி கேட்டேன். கேள்வி கேக்கறது வேற. போலீஸ் பண்ணினது வேற. ரெண்டையும் ஒண்ணாச் சேக்காதீங்க.

எங்க விட்டேன்? போன்.

காலைல காம்பவுண்டுல ஒட்டினதைப் பாத்துட்டு ஸ்டேஷன்லேருந்து அந்த நம்பருக்கு அடிச்சிருக்காங்க. சகாயம் கேன்டீன்ல இருந்திருக்கான். பக்கத்துல அகிலா. அவதான் எனக்கு எல்லாத்தையும் சொன்னா. யாருப்பா பேசறதுன்னு கேட்டிருக்காங்க. இவன், தீவிர வாதிகள் அணிங்க சார்னிருக்கான். அவன் இடைவெளி விட்டுத்தான் சொல்லியிருப்பான், அவன் அப்படிப்பட்டவன். ஆனா போன்ல இடைவெளி எங்கக்கா கேக்கும்?

எத்தனை பேருன்னு கேட்டாங்களாம். அஞ்சு பேரு சார். வெள்ளிக்கிழமை என்னடா பண்ணப் போறீங்க. எதிரணியைத் தகர்க்கப் போறோம் சார். நோட்டீஸ்ல இருக்கறதை அப்படியே சொல்றான் பாவி. எதை வச்சுடா தகர்ப்பீங்க. பாயிண்ட்டு சார், ஆளுக்குப் பத்துப் பாயிண்ட்டு ரெடியா வச்சிருக்கோம்.

பாயிண்ட்டுன்னா அவங்க என்ன நெனச்சாங்களோ. துப்பாக்கில கூட பாயிண்ட்டு பாயிண்ட்டுன்னு ஏதோ சொல்வாங்களாமே.

கடைசியா ஒண்ணு கேட்டிருக்காங்க. உங்களுக்குத் தலைவர் யாருடா.

இதுக்கு மட்டும் அவன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலையாம். அப்புறம் சொன்னானாம், 'நான்தான் சார்.'

அக்கா, எனக்கு ரத்தம் கொதிக்குது. தலைவி நானு. இவன் எப்படி நான்தான் தலைவர்னு சொல்லலாம்? ஓட்டுப் போட்டு வந்த பதவியா இவனுக்கு? எனக்கும் ஓட்டுப் போட்டு வரலதான், நான் நின்னேன், வேற யாரும் நிக்கல. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. நான் இல்லாத நேரம் பாத்துப் பதவியைப் புடிச்சுட்டான். மனசுக்குள்ள இத்தனை நாள் அந்த ஆசையை வச்சுக்கிட்டுத்தான் பென்ச்சு ஓரமா உக்காந்திருக்கான்.

ஜீப் வந்துச்சு. நான் மாடியில லைப்ரரி ஜன்னல்லேருந்து பாத்தேன். ரெண்டு பேரு அவனைக் கூட்டிக்கிட்டுப் போறாங்க. ஏர்றதுக்கு முன்னாடி அவன் நிமிந்து மேல பாத்தான். நேரா என்னைப் பாத்து, இப்படி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். என்னைப் போட்டுக் குடுக்கறான்னு எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. பக்கத்துல இருந்த போலீஸ்காரரும் என்னடா மேல பாக்கறன்னு கேட்டிருக்காரு. காக்கா சார்னானாம். காக்காவாம். என்னை.

அதுக்கப்புறம் நான் நிக்கல. கேன்டீன் பின்பக்கச் சுவத்துல ஒரு சந்து இருக்கு, பசங்க சினிமாவுக்குப் போற வழி. அதுல புகுந்து, பஸ் புடிச்சு, திருச்சி வந்து, தோ உங்க பக்கத்துல.

போலீஸ் ஸ்டேஷன்ல அவன் என்ன சொல்லிக்கிட்டிருப்பான்னு நெனைக்கறீங்க? எல்லாம் மங்கைதான் சொன்னா, மங்கைதான் பேரு வச்சா, மங்கைதான் சுத்தமான சுவருன்னான்னு. அதெல்லாம் உண்மைதான். ஆனா அவன் சொல்லக் கூடாதுல்ல.

குணசேகர் அண்ணனையும் கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க, திருச்சி வந்ததும் அகிலா போன்ல சொன்னா. அவரு என் வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டிட்டாரு. ஸ்டேஷன் பூராக் கேட்டிருக்கு. இந்தப் பொண்ணு யாருன்னு கேட்டதுக்கு, 'பேரு தெரியாதுங்க, போன வருஷம் ஒரு கமாவுக்காகக் கடையைப் பூட்ட விடாமச் சண்டை போட்ட பொண்ணு'ன்னிருக்காரு. அந்தக் கமா அங்க வரணும்க்கா. இன்னிக்குக் கேட்டாலும் வரணும்னுதான் சொல்வேன். ஆக, இப்பக் குரலை வச்சுத் தேடறாங்க. மெதுவாத்தானே பேசறேன்? முன் சீட்டுல அந்த அண்ணன் ஏன் திரும்பித் திரும்பிப் பாக்கறாரு?

இருங்க, போனை ஆன் பண்ணிப் பாக்கறேன். டவரை வச்சுக் கண்டுபுடிப்பாங்கன்னு ஆஃப் பண்ணி வச்சிருக்கேன். அப்பப்ப ஆன் பண்ணித் தேடறாங்களான்னு பாத்துக்கறேன்.

அம்மா. வரும்போது தயிர் வாங்கிட்டு வரணுமாம். அகிலா நாலு தரம் கூப்பிட்டிருக்கா. தோ, மறுபடியும் அவதான்.

சொல்லுடி. நான் எங்க இருக்கேன்னு கேக்காத. துவாக்குடி தாண்டிட்டேன். ம். ம். என்னது? யாரு சொன்னா? பிரின்சிபால் போயிட்டு வந்தாரா. சரி. அப்புறம்? அவன் என்ன சொல்றான்? இல்லடி, அவன் என்னைப் பத்தி என்ன சொல்றான்னு கேக்கறேன். ஒண்ணுமே சொல்லலையா? நல்லா விசாரிச்சியா? ஒண்ணுமேவா?

சரி, வை.

பட்டிமன்றம்னு போலீசுக்குப் புரிஞ்சு போச்சாம்க்கா. சாம்பார், சட்னி எல்லாம் பிரின்சிபால் போயி விளக்கிச் சொல்லிட்டாராம். ஆனா அமைச்சர் வர்ற நேரமாம். ஊரெல்லாம் நோட்டீஸப் பாத்துட்டு மேலேருந்து கேக்கறாங்களாம். இன்ஸ்பெக்டர் என்ன சொல்றாருன்னா, அந்த மெசேஜ்ல பேசின பொண்ணு வந்து, நான்தான் பேசினேன், இதுதான் அர்த்தம்னு நேர்ல சொல்லி எழுதிக் குடுத்துட்டா கண்டிச்சு அனுப்பிடுவாராம். சாயந்திரம் டி.எஸ்.பி. வர்றதுக்குள்ள வரணுமாம். வரலைன்னா, தலைவர்னு எவன் சொல்றானோ அவன் மேல ஒரு கேஸைப் போட்டாத்தான் இவரு மேலிடத்துக்குப் பதில் சொல்ல முடியுமாம். அந்தப் பொண்ணு யாருன்னு அவங்க மாத்தி மாத்திக் கேட்டுட்டாங்களாம். எனக்குத் தெரியாது சார், நான்தான் சார் தலைவர்னே சொல்லிக்கிட்டிருக்கானாம்.

பாருங்க, இப்பவும் அதையே சொல்றான். நான்தான் தலைவர்னு. பதவி வெறி.

வேணும் அவனுக்கு. ஒரு கேஸ் விழட்டும். சின்னக் கேஸ்தானே, நோட்டீஸ் கேஸ். ரெண்டு தரம் கோர்ட்டுக்குப் போயிட்டு வருவான். அவனுக்கென்ன, வாதாடவா போறான் அங்க? கொஞ்ச நாள்ல அவனே போலீஸா ஆயிடுவான். ஆமாக்கா, சொல்லலையா? அவனுக்கு அதுதான் ஆசை. தெனமும் காலைல காலேஜ் கிரவுண்டைச் சுத்திச் சுத்தி ஓடுவான். எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ணிட்டான். அடுத்த வாரம் ஓட விட்டு, உயரம் அளந்து பாக்கறாங்களாம். வாதம் பண்ணத் தெரியாதவன் லத்தி புடிக்கத்தான் லாயக்குன்னு நான் கூடச் சொல்லியிருக்கேன். சிரிப்பான். சொன்னா கோவமே வராது அவனுக்கு, அதுக்கே எனக்குக் கோவம் வரும். அவங்கப்பா வேன் ஓட்டறாரு. யூனிஃபார்ம் போட்டுப் பாக்கணும்னு அவங்கம்மா...

என்னக்கா சொன்னீங்க?

கேஸ் ஆயிட்டா போலீஸ் வேலை கெடைக்காதா?

உங்க அண்ணன் பையனுக்கு அப்படித்தான் போச்சா. விசாரிப்பாங்களா. பேரு எஃப்.ஐ.ஆர்.ல இருந்தாலே எடுத்துடுவாங்களா. சின்னக் கேஸுன்னா கூடவா?

ம்.

...

ஒண்ணும் இல்லக்கா. சும்மா வெளிய பாத்துக்கிட்டு வந்தேன்.

இல்ல, நான் என்ன நெனைக்கறேன்னா, அவனுக்கு அது தெரியாதா? பரீட்சைக்குப் படிச்சவன். அந்த விதி எந்தப் பக்கத்துல இருக்குன்னு கூட அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். கேன்டீன்ல அந்தக் கேள்வியைக் கேட்டப்ப கொஞ்ச நேரம் பேசாம இருந்தான்னேன்ல? அப்ப என்ன யோசிச்சிருப்பான்? அந்த விதியைத்தான் யோசிச்சிருப்பான். யோசிச்சுட்டுத்தான் நான்தான்னு...

மாடியைப் பாத்துத் தலையை ஆட்டினானே. இப்படியும் அப்படியும். வராதன்னு சொன்னானோ.

முட்டாள். சரியான முட்டாள்க்கா அவன். யாரு கேட்டா இவனை? எனக்குப் பதில் சொல்ல வாய் இல்லையா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா? கேட்டிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன், சொன்னா அவன் ஒத்துக்கிட்டிருப்பான், எப்பவும் ஒத்துக்கறவன்தானே. இதுல மட்டும் என்னைக் கேக்காம எப்படி முடிவெடுக்கலாம்?

கண்டக்டர் அண்ணே, செங்கிப்பட்டியில நிறுத்துங்க. எறங்கணும். பாயிண்ட் டு பாயிண்ட்டா? நிக்காதா? இன்னிக்குப் பாயிண்ட்டுங்கற வார்த்தையே எனக்கு ஆகலண்ணே. தஞ்சாவூர் போய்த் திரும்பினா எனக்கு நேரமாயிடும். தயவு பண்ணி நிறுத்துங்க. டிக்கெட்டெல்லாம் திருப்பித் தர வேணாம். சட்டம்லாம் எனக்குச் சொல்லாதீங்க, அவசரத்துக்கு ஒரு ஆளை எறக்கி விடறதுக்கு எந்தச் சட்டமும் தடையா இல்ல, இருந்தா காட்டுங்க. என்ன அவசரமா? சொன்னா நிறுத்துவீங்களா?

நான் தீவிர வாதிண்ணே.

விசில் அடிச்சுட்டாரு பாத்தீங்களாக்கா. பஸ்ஸே ஒரு குலுக்குக் குலுக்கி நிக்குது. முன் சீட்டு அண்ணன் கொழந்தையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாரு. நான் இடைவெளி விட்டுத்தான் சொன்னேன். சத்தியமா விட்டேன். உங்களுக்காவது கேட்டுதா?

கேக்கலையா.

சரி. அப்ப நான் ஸ்டேஷனுக்குப் போயி இடைவெளியை இன்னும் கொஞ்ச நேரம் விடறேன். தீவிரன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு நிக்கறேன். இன்ஸ்பெக்டர் அடுத்து என்னன்னு கேக்கற வரைக்கும் நிக்கறேன். கேட்டப்புறம்தான் வாதின்னு சொல்வேன். அதுக்கு நடுவுல பேசாம இருக்கறது எனக்குக் கஷ்டம்தான். இருந்து பாக்கறேன்.

வர்றேன்க்கா. பையைக் கெட்டியாப் புடிச்சுக்கங்க, கெளம்பறப்ப மறுபடியும் குலுக்கும். நாத்தனார்கிட்ட பேட்டரியைக் கழட்டிட்டுக் குடுங்க, இல்லாட்டி அங்கயும் யாராவது பயப்படுவாங்க.

இன்னொண்ணு. நான் ஏதோ தப்பு ஒத்துக்கப் போறேன்னு நெனச்சுக்காதீங்க. அந்த இடைவெளி விட்டுப் போனது குணசேகர் அண்ணன் மேலதான் தப்பு, அதுல மாத்தமே இல்ல. நான் போறது வேற விஷயத்துக்கு. எங்க அணிக்குத் தலைவி யாருன்னு ஸ்டேஷன்ல எல்லாருக்கும் தப்பாத் தெரிஞ்சிருக்கு. அவன் பாட்டுக்கு அங்க உக்காந்துகிட்டு நான்தான் தலைவர், நான்தான் தலைவர்னு சொல்லிக்கிட்டிருக்கான்.

விடுவேனா நான்?